அரசர் சொல்லாத சொல்

நத்தார் தினத்தன்று, அதாவது கிறிஸ்துமஸ் அன்று, பகல் பதினொன்று நாற்பதுக்கு நான் என் நாற்காலியை விட்டு எழுந்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது.

குரல் மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் தமிழ்த் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். மூச்சை எங்கே விடுவது, ஒலிவாங்கிக்கு எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்களே சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள். நான் வேலையை விட்டு விலகுவதற்கு முந்திய நத்தார் தினத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நத்தாருக்கும், கனடாவுக்கும் அரசரான இங்கிலாந்து அரசர் லண்டனிலிருந்து தொலைக்காட்சியில் நாட்டு மக்களுடன் பேசுவார். அப்போது இங்கே மொன்றியலில் காலை பத்து மணி. பேச்சு நீளமானதல்ல. அதைக் கேட்டவுடன் தமிழில் எழுதி, நண்பகலுக்கு அவருடைய படத்தின் மேல் தமிழ்க் குரலில் நேரடியாக வாசிப்போம். மாலை ஆறு மணிக்கு மறுஒளிபரப்பு.

இந்த ஊரில் இதை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே பிரெஞ்சுக்காரர்கள் அரசரைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. நத்தார் அன்று நாங்கள் அரசரின் பேச்சைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவோம் என்று சொன்னபோது என் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆனால் எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்கள், காலைப் பூசை முடிந்து வந்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத்தான் மேசையில் கோப்பைகளை வைப்பார்கள். குடியுரிமை எடுத்த அன்று கையை உயர்த்தி அந்த அரச முடிக்குத்தானே சத்தியம் செய்தோம்? சத்தியத்தை வாங்கியவர் வருடத்தில் ஒருநாள் பேசுகிறார். என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டாமா என்பது அவர்களுடைய நியாயம்.

நான் பல ஆண்டுகள் ராணியாக இருந்தேன். சிரிக்க வேண்டாம். அப்போதிருந்த ராணிக்குத் தமிழ்க் குரல் என்னுடையதுதான். ஜான்-டலோன் சந்தையில் மிளகாய்ப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நிற்பேன். பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "மகாராணி, பாத்து எடுங்கோ, அடியில அழுகல் கிடக்கு." கோயில் வாசலில் சிறு பிள்ளைகள் எனக்கு முழங்காலை மடக்கி வணக்கம் சொல்வார்கள். வெளியில் வெட்கப்படுவது போல் காட்டிக்கொண்டாலும் உள்ளே எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற நாட்களில் நான் ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருந்து "போன்ஜூர்" சொல்கிறவள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு முடி.

ராணி இறந்த செய்தி வந்தபோது நான் உண்மையாகவே அழுதேன். யாருக்காக அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

அந்த வாரமே எங்கள் முகாமையாளர் ஜெயம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இனி ஆம்பிளைக் குரல் வேணும்."

"ஏன் அண்ணை, அரசருக்கு நான் குரல் குடுத்தா என்ன?"

"சனம் சிரிக்கும்."

"ராணிக்கு நான் குடுக்கேக்க சிரிச்சதோ?"

"நீரும் பொம்பிளை, அவவும் பொம்பிளை. இப்ப மகன் வந்து தாயின்ர குரலில கதைச்சா என்னண்டு இருக்கும்? யோசிச்சுப் பாரும்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குக் கூடுதல் கோபம். மொழிபெயர்ப்பை என்னிடமே விட்டார்கள். எழுதுவது நான், வாசிப்பது இன்னொருவர்.

அந்த இன்னொருவர்தான் பிரசன்னா. இப்போது உங்களுக்கெல்லாம் மூத்தவர் என்பதால் அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் மனத்தில் அவன்தான். சென்னையிலிருந்து இங்கே படிக்க வந்து, படிப்பை முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். கல்லூரி நாடகங்களில் நடித்தது மட்டும்தான் அனுபவம். அவருக்கு ழகரம் இலேசாக வழுக்கும். அவர் வாசித்த முதல் நத்தாரில் நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு வழுக்கலையும் குறித்துக்கொண்டேன். கேட்டவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. "பொடியனுக்கு என்ன குரல்!" என்றார்கள். வீட்டுக்குப் போனால் என் கணவரும் அதையே சொன்னார். "நீ எழுதினது போலயே இல்லை, அரசர் சொன்னது போலவே இருந்தது" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

இதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். என் மகள் அனெற் இருக்கிறாள். அப்போது பத்தொன்பது வயது. அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதற்காக எத்தனையோ சனிக்கிழமைகள் காருக்குள் சண்டை பிடித்திருக்கிறேன். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். நான் ராணியாக இருந்த காலத்தில் ஒருமுறைகூட நிலையத்துக்கு வந்து பார்த்ததில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் திடீரென்று சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். பிரசன்னாவிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறாளாம்.

"நான் சொல்லித் தரேக்க நீ காதைப் பொத்தினனியே?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லித் தரேல்ல அம்மா, திருத்தினனீங்கள்," என்றாள், தமிழிலேயே. "அவர் பிழை விட்டாச் சிரிப்பார். பேந்து நானும் சிரிப்பன். அவ்வளவுதான்."

ஒரு தாய்க்கு இதில் இரண்டு பயம். ஒன்று, அவளுக்கு அவர்மேல் விருப்பமோ என்ற பயம். மற்றது அதைவிட மோசமானது: அப்படி ஒன்றும் இல்லை, அவர் வெறுமனே என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாரோ என்ற பயம்.

அந்த நத்தார் தினத்துக்கு, பிரசன்னா வாசித்த இரண்டாவது நத்தாருக்கு, வருகிறேன். பத்து மணிக்கு அரசர் பேசினார். நான் கணினியில் நேரே தமிழில் அடித்துக்கொண்டே போனேன். கடைசிப் பந்தி மட்டும் சரியாக வரவில்லை. எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி முடிக்கிற இடம். அதைத் தாளில் எழுதி, வெட்டி, மறுபடி எழுதினேன். கிறிஸ்துமஸ் என்று போடுவதா, கிறிஸ்து பிறப்பு என்று போடுவதா? கடைசியில் நத்தார் என்று போட்டேன். போர்த்துக்கீசர் விட்டுப்போக, எங்கள் கோயில்களில் ஒட்டிக்கொண்ட சொல் அது. யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் சொல்வார்கள். சென்னையில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் போட்டேன். அந்த அழகான குரலில் எங்கள் சொல் ஒன்றாவது ஏறட்டும், அது என் கையால் ஏறட்டும் என்று நினைத்தேன்.

"என் நத்தார் வாழ்த்து உங்கள் எல்லோருக்கும்."

இதுதான் நான் எழுதிய வசனம். அப்போதுதான் பதினொன்று நாற்பது. ஜெயம் அண்ணை தொலைபேசியை நீட்டி, "உம்மைத்தான் கேக்கினம்" என்றார். தாளை, அன்று என்னுடன் வந்திருந்த அனெற்றிடம் கொடுத்து, "இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் அடிச்சுத் திரையில ஏத்திவிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசிப்பவருக்கு முன்னால் எழுத்து ஓடுமே, அந்தத் திரை.

தொலைபேசியில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மா.

"பிள்ளை, இந்த முறையும் அந்தப் பொடியன்தானே வாசிக்கிறது?"

"ஓம் அன்ரி."

"அப்ப சரி. இல்லை, நீர் எண்டா ஆறு மணிக்குப் பாக்கலாம் எண்டு நினைச்சன். இறைச்சி அடுப்பில கிடக்கு."

நான் சிரித்துப் பேசினேன். இறைச்சியை விசாரித்தேன். பேரப்பிள்ளைகளை விசாரித்தேன். மனம் புண்பட்டவர்கள்தான் தேவைக்கு அதிகமாக மரியாதையாகப் பேசுவார்கள். நான் திரும்பி வந்தபோது பிரசன்னா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார், சிவப்பு விளக்கு எரிகிறது.

"ஏத்திட்டியோ?"

"ஓம் அம்மா, போட்டிட்டன்."

நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் விதி ஒன்றே ஒன்றுதான்: யார் அடித்தாலும், எவ்வளவு அவசரமானாலும், திரையில் ஏறியதை எழுதியவரே உரக்க ஒருமுறை வாசியுங்கள். தொலைபேசியில் இருப்பது யாராக இருந்தாலும் சரி, காத்திருக்கட்டும்.

நண்பகலில் ஒளிபரப்புத் தொடங்கியது. பிரசன்னா நன்றாக வாசித்தார். பொறாமை பிடித்தவள் சொல்கிறேன், நம்பலாம். கடைசிப் பந்தி வந்தது. அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் நாட்டார்..." என்றார். நிறுத்தினார். மறுபடி மெல்ல, "வாழ்த்து உங்கள் எல்லோருக்கும்" என்று முடித்தார்.

திரையில் அரசர் இலேசாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையும் அந்தச் சொல்லும் பொருந்திப் போயின. என் நாட்டார். என் நாட்டு மக்களே என்று கூப்பிடுவது போல். பிழையைவிட அந்த இடைநிறுத்தம்தான் என்னைச் சுட்டது. பொருளில்லாத ஒரு வசனத்தை நடுவில் வெட்டி, அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு இடைநிறுத்தம் செய்ததில்லை.

அவர் வெளியே வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன்.

"உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ, தெரியாதோ? நத்தார் எண்டு கிடக்கிறதை நாட்டார் எண்டு வாசிச்சா அரசர் சொன்னதே மாறிப்போச்சு! தெரியாத சொல்லெண்டா வாயைத் திறந்து கேக்கிறதுக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த என் தாளைப் பார்த்தார். பிறகு, "சாரி மேடம். என் தப்புதான்" என்றார்.

அனெற் சுவரோடு நின்றாள். சிறிது நேரத்தில் தன் சிநேகிதி வீட்டுக்கு லவாலுக்குப் போவதாகச் சொல்லிக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது.

டொலார்ட் புறநகரிலிருந்து ஒரு பெரியவர். "தம்பியைக் கூப்பிடுங்கோ. அரசர் எங்களை நாட்டார் எண்டு சொல்லிப்போட்டார். நான் இஞ்ச வந்து பனி தள்ளினன், கோப்பை கழுவினன், ராக்சி ஓடினன். ஒருத்தனும் இந்தச் சொல்லைச் சொல்லேல்ல." அழுதார். பிறகு ஒரு பெண், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு: "இவர் நம்புறார் இல்லை. அரசர் சொன்னதுதானே? இன்னொருக்காச் சொல்லுங்கோ, இவர் கேக்கட்டும்." அடுத்தது ஒருவர் கடும் கோபத்தில்: தன் மகனுக்கு வேலை நேர்முகத்தில் எந்த ஊர் என்று கேட்டார்களாம், இனி அரசர் பெயரைச் சொல்லச் சொல்லப்போகிறாராம்.

ஜெயம் அண்ணையின் முகம் மலர்ந்துபோயிருந்தது. "தங்கச்சி, ராணி செத்த அண்டைக்குக்கூட இப்பிடி ரெலிபோன் அடிக்கேல்ல."

"அண்ணை, இது பிழை. ஆறு மணிக்கு முதல் திருத்தம் போடவேணும்."

"நத்தாரும் அதுவுமா சனம் சந்தோசமா இருக்கு. விடும்."

"அரசர் சொல்லாததை அவர் வாயில வைக்கிறது எங்கட வேலையில்லை."

"அரசர் வந்து உம்மட்டக் கேக்கப் போறாரோ?"

நான் சொன்னது சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் அன்று நான் அதை நேர்மைக்காகச் சொன்னேனா, அந்த அழைப்புகள் எல்லாம் அவருக்கு வந்ததால் சொன்னேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிரசன்னா பக்கத்தில் நின்று, "மேடம் சொல்றது கரெக்ட் சார். திருத்தியாகணும்" என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னுடன் சண்டையாவது பிடித்திருக்கலாம். நேர்மையிலும் எனக்குச் சமமாக வந்து நின்றார்.

அப்போது வந்த அழைப்பைத்தான் நான் எடுத்தேன். பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து ஒரு பெண். குரல் மிகத் தாழ்வாக இருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் போல.

"அக்கா, ஒரு விசயம் கேக்கலாமோ? எங்கட அகதிக் கேஸை மறுத்துப்போட்டினம். மேல அப்பீல் போட்டிருக்கிறம். இப்ப அரசரே நாட்டார் எண்டு சொல்லிப்போட்டார். இனி எங்களை அனுப்பமாட்டினம்தானே?"

அறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன்.

"தங்கச்சி, அது பிழையா வாசிச்சது," என்றேன். "அரசர் நத்தார் வாழ்த்துத்தான் சொன்னவர்."

"இல்லை அக்கா, நான் கேட்டனான். நிப்பாட்டி, ஆறுதலாச் சொன்னவர்."

"அவர் சொல்லேல்ல, அம்மா. நாங்கள்தான் சொன்னது. உங்கட லோயரிட்டக் கேளுங்கோ. இதை வச்சு ஒண்டும் நினைக்காதேங்கோ."

பிறகு, "சரி அக்கா. நத்தார் வாழ்த்துக்கள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜெயம் அண்ணையிடம் அதைச் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். "எழுதும்," என்றார். "நீரே வாசியும். சனத்துக்கு உம்மட குரல் தெரியும். நம்பும்."

என் குரல். இரண்டு வருடங்களுக்குப் பிறகு, அதுவும் நத்தார் அன்று, மறுபடி என் குரல். அந்தப் பெண்ணின் அழைப்பு இன்னும் காதில் இருக்கும்போதே எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எழுந்தது. அடக்கினேன், அடங்கவில்லை. திருத்தத்தை எழுதினேன்: 'நண்பகல் ஒளிபரப்பில் வாசித்தவரின் கவனக்குறைவால்...' அந்தச் சொல்லை, கவனக்குறைவு என்ற சொல்லை, மிகவும் தேர்ந்தெடுத்துப் போட்டேன்.

பிற்பகலில் உறைமழை தொடங்கியது. இங்கே வெர்க்லா என்பார்கள். விழும்போது மழை, விழுந்தபின் கண்ணாடி. அனெற்றுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். லவாலிலிருந்து வர ஆற்றைக் கடக்க வேண்டும், பாலத்தில் எப்போதும் முதலில் உறையும். அவளுக்குக் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடைத்து ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை. சன்னலோடு போய் நின்றேன். எதிர்ப்பக்கத் தெப்பனேர் சில்லறைக் கடையின் விளக்குப் பலகையிலிருந்து பனிக்கட்டி ஊசி ஊசியாகத் தொங்கியது. ஒரு கார் திரும்ப முயன்று, பக்கவாட்டில் வழுக்கி, நடைபாதை ஓரத்தில் போய் நின்றது. நான் மறுபடியும் அவளுக்கு அழைத்தேன்.

பிரசன்னா பின்னால் வந்து நின்றார்.

"மேடம், அனெற் சேஃப்தான். பாலத்தை மூடி வெச்சிருக்காங்களாம். திறந்ததும் வர்றதா மெசேஜ் பண்ணா."

"ஆருக்கு?"

அவர் தன் கைபேசியைப் பார்த்தார்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று கேட்ட அதே நொடியில் எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் எத்தனை தரம் அழைத்தேன். எனக்கு ஒரு சொல் இல்லை. அவருக்குச் செய்தி வந்திருக்கிறது. என் இருக்கையை எடுத்தார், சனத்தை எடுத்தார், இப்போது இதையும் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன், திருத்தத்தைத் திரையில் ஏற்றுவதற்காகக் கணினியின் முன் உட்கார்ந்தேன். நண்பகல் உரை அப்படியே கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கீழே போனேன். கடைசிப் பந்தி வந்தது.

'என் நாட்டார் வாழ்த்து உங்கள் எல்லோருக்கும்.'

அவர் பிழையாக வாசிக்கவில்லை. திரையில் இருந்ததை இருந்தபடியே வாசித்திருக்கிறார்.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. அனெற் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவைப்பவள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 't' என்றால் 'த'தான். அவள் அந்த எழுத்தை இரண்டு தரம் தட்டியிருப்பாள். கணினிக்கோ அது 'ட்ட'. அது தனக்குத் தெரிந்த நாட்டார் என்ற சொல்லை நீட்டியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை, ஏதோ ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டதே என்று அதை ஏற்றிவிட்டிருப்பாள்.

நான் பிரசன்னாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நான்தானே மேடம் படிச்சேன். வாக்கியம் சரியில்லைன்னு தெரிஞ்சுது. நிறுத்திக் கேட்க நேரமில்ல, லைவ்."

"அதைக் கேக்கேல்ல. நான் உம்மைக் கத்தேக்க ஏன் வாயைத் திறக்கேல்ல?"

"நீங்க கத்தினப்போ அவ அங்கதான் நின்னுட்டு இருந்தா மேடம். அவ முகத்தை நீங்க பாக்கல."

ஜெயம் அண்ணை உள்ளிருந்து, "தங்கச்சி, கெதியா!" என்று கூப்பிட்டார்.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். என் கையில் ஒரு திருத்தம் இருந்தது. அதில் இருந்த 'வாசித்தவரின் கவனக்குறைவு' இப்போது பொய். அதை 'தட்டச்சில் நேர்ந்த தவறு' என்று மாற்றினால் உண்மை. ஆனால் யார் தட்டச்சுச் செய்தது என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், நாளைக்குப் பங்கு முழுவதற்கும் தெரியும். அவள் மறுபடி ஒரு தமிழ் எழுத்தைத் தொடமாட்டாள். அடியிலே வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது: என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்ற இன்னொருவர் தேவைப்பட்டிருக்கிறார். அவர் அதைச் செய்தும் முடித்துவிட்டார், சத்தமில்லாமல், நான் கத்திக்கொண்டிருக்கும்போதே. அவருடைய குரலைப் பார்த்து நான் பட்ட பொறாமை எல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

திருத்தம் சொல்வதில் ஒரு கடமை இருக்கிறது. பிழையைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் அது பிழை என்று ஐயமில்லாமல் விளங்க வேண்டும். பார்க்-எக்ஸ்டென்ஷன் பெண் போல் இன்னும் யாராவது இருப்பார்கள். அவர்களுக்காக அதை மென்மையாக்கவோ மழுப்பவோ கூடாது. ஆனால் பிழைக்கு உரியவர் யார் என்று சொல்லும்போது, நிலையத்துக்கு உள்ளே கணக்குத் தீர்க்கக் கூடாது. கேட்பவருக்கு அது தேவையில்லை. எழுத்து என்னுடையது, பார்க்க வேண்டியது நான். தாளைக் கசக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"நண்பகலில் நீங்கள் கேட்ட அரசரின் உரையில் ஒரு சொல் தவறாக வந்தது. பிழை மொழிபெயர்த்த என்னுடையது. அரசர் கூறியது நத்தார் வாழ்த்து மட்டுமே. நாட்டார் என்ற சொல் அவருடையதல்ல, எங்களுடையது. இதனால் யாருடைய வழக்கும் விண்ணப்பமும் மாறாது. நம்பிக் கேட்ட உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

வாசித்து முடித்தேன். வெளியே வந்தேன். மறுஒளிபரப்பு ஓடத் தொடங்கியது, பிரசன்னாவின் குரலில், அந்தக் கடைசி வசனத்தை மட்டும் புதிதாகப் பதிந்து ஒட்டியிருந்தார்கள். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஓயாமல் அடித்த தொலைபேசி எனக்கு ஒருமுறையும் அடிக்கவில்லை. திருத்தத்துக்கு யாரும் அழைத்து நன்றி சொல்வதில்லை, அதையும் எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

பிரசன்னா ஒரு கோப்பைத் தேநீரை என் முன் வைத்தார். "அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்," என்றார். "இன்னைக்கு முன்னாடி நான் நிஜமாவே கேள்விப்பட்டதில்ல." சொன்னேன். அவர் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. அதுகூட எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கீழே கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. படியில் காலடி. அனெற் உள்ளே வந்தாள். தொப்பியில் கண்ணாடி போல் பனி, மூக்கு சிவந்திருந்தது, கையில் கைபேசி. வரும் வழியெல்லாம் கைபேசியில் எங்கள் ஒளிபரப்பைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் எழுந்தேன். அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவள் பிரசன்னாவிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அம்மா, நத்தார் எண்டா நொயெலோ?" என்று பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் அம்மா ரீவில மட்டும் அப்பிடிச் சொல்லுறீங்கள்? எனக்கு நீங்கள் எப்பவும் நொயெல் எண்டுதானே சொல்லித் தந்தனீங்கள்."